இருபதாம் வாரத்து ஸ்கேன்

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்துவிட்டது, லீவும் இல்லை, அதனால் இருபதாம் வாரத்து ஸ்கேனுக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். அக்காவுக்கும் அதே பரிசோதனைதான், அதே 'ஆபத்து குறைவு'தான். முப்பது வருஷம் கேஸ் அடுப்பு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவன் நான், அடுப்பு அட்டையில் போடுவதுபோல அவள் ரிப்போர்ட் ஓரத்திலும் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், வீடே சிரித்தது. சோப்பு நுரை வைத்துப் பார்த்தால் கசிவு மட்டும்தான் தெரியும், அடுப்பின் கால் ஆடுவது தெரியாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தொண்டை வறளச் சொன்னவன் வீட்டில் கோட்டை விட்டேன். குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. வாயும் வயிறுமாக இருக்கிறாயே என்று உனக்குக் காரணத்தைச் சொல்லவில்லை. இதயத்தில் கோளாறு. அந்த ரத்தப் பரிசோதனை குரோமோசோம் கூடக்குறைய இருக்கிறதா என்று, அதுவும் சிலவற்றைத்தான், பார்க்குமாம், இதயம் எப்படி உருவாகியிருக்கிறது என்று பார்க்காதாம். ஆபத்து குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லையாம், அதிகம் என்று வந்தாலும் அதுவே முடிவில்லையாம், வேறு பரிசோதனை செய்துதான் உறுதி சொல்வார்களாம். எல்லாம் முடிந்த பிறகு குழந்தை டாக்டர் சொன்னார். ஸ்கேனில் தெரிந்திருந்தால் இதய அறுவை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் வைத்திருக்கலாம், பிழைத்திருக்கலாம் என்றார். ஸ்கேனிலும் எல்லாம் தெரிந்துவிடாது என்றும் சொன்னார், என்னைத் தேற்றத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஸ்கேன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லவேயில்லை. வாந்தியோடு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமே என்று பாவம் பார்த்து நான்தான் போன் செய்து ரத்து செய்தேன். டாக்டரே வேணாம்னுட்டாரும்மா என்று அவளிடம் சொன்னேன். இன்றைக்கும் அந்த டாக்டரைத்தான் திட்டித் திட்டி அழுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கிறேன்.

வியாழக்கிழமைக்குள் ஸ்கேனுக்குப் போய்விடு. லீவு தராவிட்டால் சண்டை போட்டு வாங்கு, உன்னை வாயாடி என்று சும்மாவா கூப்பிட்டோம். நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகிறதும் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உன்னைக் கூப்பிட்டு அழுவாள். எனக்காகப் பரிந்து பேசாதே.

இப்படிக்கு,
அப்பா