அணைந்து தொலைக்காத சர்வர்

சாரல் ஈரமும் சூடேறிய தூசியும் கலந்த ஒரு வாசனை இந்த லாட்ஜின் பின்னறைக்கு உண்டு. குற்றாலத்தில் வேறெங்கும் அதை நான் முகர்ந்ததில்லை. இன்று காலை கதவைத் திறந்ததும் அது முகத்தில் அடித்தது. உடனே உன்மேல் கோபம் வந்தது. நீ போனதிலிருந்து இந்த அறைக்குள் நுழைந்தாலே எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகையை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

இப்போது சர்வரின் பழைய ஹார்ட் டிஸ்க் வட்டிலிருந்து புது வட்டுக்கு எல்லாம் நகலாகிக்கொண்டிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. யாரையாவது திட்ட வேண்டும் போலிருக்கிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து வைத்த சர்வர்தானே இது. ஒரே பெட்டிக்குள் தடுப்புப் போட்ட மாதிரி மூன்று தனி சர்வர்கள். ஒன்றில் லாட்ஜின் இணையதளம், ஒன்றில் கேமராப் பதிவுகள், இன்னொன்றில் ரூம் புக்கிங். வட்டு சாகக் கிடக்கிறது, கரகரவென்று சத்தம். மூன்றையும் முறையாக நிறுத்திவிட்டு வட்டை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. இணையதளம் நின்றது. கேமரா நின்றது. புக்கிங் மட்டும் நிற்கவில்லை. ‘நிறுத்துகிறேன்’ என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. வலுக்கட்டாயமாகக் கொல்லும் கட்டளையையும் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மறுபடி கொடுத்தேன். ஊஹூம்.

லாட்ஜ் அண்ணாச்சி என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். “தம்பி, மெயின் சுச்ச அமத்திப் போடுங்க. எங்க வீட்டு டிவி அப்பிடித்தான் சரியாவுது.”

“அமத்துனா புக்கிங் போயிரும் அண்ணாச்சி.”

“போயிருமா? சீசன் நேரத்துல வெளாடுதியளா? எந்த ரூம் யாருக்குன்னு நான் எங்கன போய்த் தேட?”

அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. எழுதி முடிக்காத பதிவுகள் உள்ளே கிடக்கின்றன. திடீரென்று கரண்டை நிறுத்தினால் இந்த வட்டு மறுபடி எழுந்திருக்குமா என்பதே சந்தேகம். சரி, பேக்கப்பாக வேறு நகல் இருக்குமே என்று தேடினேன். கடைசி நகல் நீ செத்த அன்று பாதியில் நின்றிருக்கிறது! நகல் ஓடுகிறதா, நிற்கிறதா என்ற தகவல் எல்லாம் உன் போனுக்கு மட்டும் வரும்படி வைத்திருந்தாயே, உன்னை என்ன செய்ய? இந்த சீசனுக்கு ரூம் போட்ட அத்தனை குடும்பங்களின் பெயர்களும் அந்தச் சாகக் கிடந்த வட்டில் மட்டும்தான் இருந்தன. அது போனால் பிள்ளைகுட்டிகளோடு சாரலில் நனைந்து வாசலில் நிற்பார்கள். தென்காசி வட்டாரத்தில் அதன்பிறகு எனக்கு எவன் வேலை கொடுப்பான்?

நான் அவசரப்பட்டு எதையாவது கொல்லப் போகும்போதெல்லாம் நீ கையைத் தட்டிவிடுவாய். “எதுக்குக் காத்துக் கெடக்குன்னு மொதல்ல பாருலே. பொறவு கொல்லு.” வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்தேன். உள்ளே ஒரே ஒரு வேலை முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வேறொரு பெட்டிக்கு நகலைப் பாதி அனுப்பிவிட்டு, அதன் பதிலுக்காகக் காத்திருந்தது. எந்தப் பெட்டி என்று முகவரியைப் பார்த்தேன். உன் வீடு.

அப்போதுதான் புளியறை பரோட்டாக் கடை ஞாபகத்துக்கு வந்தது. செக்போஸ்ட்டில் லாரிகள் நகராமல் நிற்க, இலையில் சால்னா ஊற்றியபடி பெருமையாகச் சொன்னாய். “நகல் எங்க வீட்டுப் பெட்டிக்குப் போவுது. பதில் வார வரைக்கும் விடாமக் காத்திருன்னு போட்ருக்கேன்.”

“அங்கன கரண்டு போச்சுன்னா?”

“போனா வராமலா இருக்கும்? எங்க வீட்டுலதானலே இருக்கு.”

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, உனக்குப் பரோட்டாதான் முக்கியமாக இருந்தது.

அண்ணாச்சியிடம் எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அச்சன்புதூருக்கு வண்டியை விட்டேன். உன் மனைவி கதவைத் திறந்தாள். “வாங்கண்ணே” என்றதோடு சரி, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கூடத்தில் டிவிக்குக் கீழே அந்தப் பெட்டி செத்துக் கிடந்தது. ஒயர் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது.

“அன்னைக்கு ஐஸ் பெட்டிக்குப் பிளக் வேணும்னு பிடுங்குனாங்க அண்ணே. பொறவு யாரும் மாட்டல.”

உன்னைக் கிடத்திய பெட்டிக்காகப் பிடுங்கியிருக்கிறார்கள். குற்றாலத்தில் அந்த சர்வர் அன்றிலிருந்து இங்கே பதில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. குனிந்து பிளக்கை மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது, விசிறி இரைந்தது. லாட்ஜ் சர்வரைப் போனில் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதியில் நின்ற நகலை முடித்துவிட்டு, புக்கிங் ஒரு பிழையும் இல்லாமல் தானாக நின்றது.

நகலை இனி வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம், இந்தப் பெட்டி தேவையில்லை, எடுத்துப் போகவா என்று கேட்டேன். “கெடக்கட்டும் அண்ணே. இந்தச் சத்தம் இல்லாம வீடு ஒரு மாதிரியா இருந்துச்சு” என்றாள்.

புது வட்டைப் போடும்போது, எது எங்கே பதிலுக்குக் காத்திருக்கும், அது வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி சர்வரின் மூடியிலேயே ஒட்டிவிட்டேன். இனி எந்த ஊரில் எதை வைத்தாலும் இப்படித்தான் செய்வேன். இத்தனை எரிச்சலுக்கும் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சிய பாடம் அது. நீ அன்றே ஒரு சீட்டு ஒட்டியிருந்தால், போனிலேயே அவளிடம் பிளக்கை மாட்டச் சொல்லியிருப்பேன். பதினாறாம் நாளுக்குப் பிறகு மிதிக்காத உன் வாசலை இன்றும் மிதித்திருக்க மாட்டேன். அதை நினைத்தால் உன்னைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாள். போவேன்லே.