அம்மா கூப்பிட்டதும் மடை மாற்றுவது போல

அப்பாவுக்கு யோகப்பிரியாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? பெங்களூரில் நான் நலம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பெரிய விஷயம் இல்லை.

நாங்கள் செய்யும் எடை இயந்திரத்துக்குள் லினக்ஸ் என்ற மென்பொருள் ஓடுகிறது. தட்டில் சுமை வைத்ததும் அதற்கு 'இன்டரப்ட்' என்றொரு அழைப்பு போகும். நீங்கள் களை வெட்டும்போது அம்மா, "ஏனுங்க, பாத்தி ரொம்பிருச்சுங்க" என்று கூப்பிடுவது போல. நீங்கள் மடையை மாற்றிவிட்டு உடனே களைக்குத் திரும்புவீர்கள். உடைந்த வரப்பைச் சாயங்காலம் பார்த்துக்கொள்வீர்கள். எங்கள் சீனியர் கௌதம் எழுதிய புரோகிராமோ, கூப்பிட்ட இடத்திலேயே நின்று வரப்பையும் கட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் வந்த மற்ற அழைப்புகள் காத்துக் கிடந்தன. இயந்திரம் அப்படியே நின்றுபோனது.

நான் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். மீட்டிங்கில் அவர் அதைத் தன் திருத்தம் என்றார். பிறகு பிரியாணி தின்ற கையை, என் மேசையிலிருந்த, அம்மா கொடுத்தனுப்பிய துண்டில் துடைத்துக்கொண்டே, "நீ பேசவா போற?" என்று சிரித்தார். அவர் மேல் மட்டுமல்ல, மீட்டிங்கில் பேசாமல் இருந்த என் மேலும் வெறுப்பு வந்தது.

இரண்டு முறை துவைத்தும் துண்டில் அந்த வாடை போகவில்லை, எறிந்துவிட்டேன். எறிந்த அன்றே மேனேஜருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இன்னும் பதில் இல்லை. என் வேலை நிரந்தரமாவது இந்த மாதம்தான் முடிவாகும்.

அம்மாவிடம் வேறொரு துண்டு அனுப்பச் சொல்லுங்கள். வேலை நேரமென்று தயங்காமல் கூப்பிடுங்கள் அப்பா. இரண்டு நிமிடம் பேசிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவேன். இங்கே என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.
பிரியா