குங்குமம் விழுந்த ஒளிர்தூளும் லோகநாயகியின் வேலையும்

அனுப்புநர்:
மு. சண்முகசுந்தரம்,
தரச் சோதனை மேற்பார்வையாளர்,
ஒளிர்தூள் தயாரிப்புக் கூடம்,
திருமழிசை.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
ஒளிர்பொருள் பரிசோதனைக் கூடம்,
சென்னை.

பொருள்: மாதிரி எண் 14 தள்ளப்பட்டது – தவறு என்னுடையது – புதிய மாதிரியைச் சோதித்து, அறிக்கையைத் திருத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன். உலைக்குப் போகவிருந்த தூளில் குங்குமம் போட்டவன் நான்.

2. தூள், இட்ரியம் ஆக்சைடு. எங்கள் உதவி வேதியியலர் செல்வி லோகநாயகி அதில் யூரோப்பியம் சேர்த்து, கோதுமை மாவெல்லாம் ஜல்லி என்று தோன்றும் அளவுக்கு நுண்ணியதாக எடுத்திருந்தார். உலையில் சுட்டால் யூரோப்பியம் இட்ரியத்தின் இருக்கைகள் சிலவற்றில் போய் உட்காரும். பிறகு புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிரும். டிவி திரைக்கு ஆகும். சிறிது இரும்பு நுழைந்தாலும் ஒளி மங்கும். இதை அவர் தினமும் சொல்வார். நானும் தினமும் தலையாட்டுவேன்.

3. ஆயுத பூஜையன்று தராசு வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று. உலையைக் கவனிக்கும் வீராசாமி, "எல்லாத்துக்கும் வெச்சாச்சு, இந்த ஜாடி மட்டும் இன்னா சார் பாவம் பண்ச்சு?" என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. வைக்கப் போனதில் மூடி நகர்ந்து ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தது. கரண்டியால் கிளறி மூடிவிட்டேன். நான் வாங்கியது காவித்தூள், அதாவது இரும்புத் துருவேதான், கலந்த மலிவுக் குங்குமம் என்பது பிறகே தெரிந்தது.

4. தங்கள் அறிக்கை "இரும்புக் கலப்பு, தயாரித்தவரின் கவனக்குறைவு" என்கிறது. அதைக் காட்டி முதலாளி, தகுதிகாண் பருவம் முடியும் நவம்பர் 30-உடன் லோகநாயகியை நின்றுவிடச் சொன்னார். அவரோ இரண்டு வாரம் தாம் கழுவிய குடுவைகளையே சந்தேகித்துக்கொண்டிருந்தார். பொறுக்காமல் அவரிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா வேற செஞ்சிருப்பேனே சார்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சொன்னதைக் கேட்ட முதலாளி, அறிக்கை மாறினால் லோகநாயகி நீடிக்கலாம் என்கிறார். கேன்டீனில் என்னைப் 'பூசாரி' என்று கூப்பிடுகிறார்கள்.

5. அவர் புதிதாகச் செய்த மாதிரி, இருட்டறையில் மாதுளை முத்துப் போல் ஒளிர்கிறது. இம்முறை ஜாடிக்குப் பூட்டு. சாவி என்னிடம் இல்லை.

ஆகவே 30-ஆம் தேதிக்குள் இதைச் சோதித்து, கவனக்குறைவு என்ற இடத்தில் அவருக்குப் பதிலாக என் பெயரைத் தாராளமாக எழுதிக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: திருமழிசை
நாள்: 18.11.1996

இப்படிக்கு,
மு. சண்முகசுந்தரம்

இணைப்பு: 1. புதிய மாதிரி. 2. தங்கள் அறிக்கையின் நகல். 3. என் கண் பரிசோதனைச் சீட்டு. எனக்குச் சிவப்பு தெரியாது. மாதுளை என்று சொன்னவர் வீராசாமி.