கடலை வறுத்த கறுப்பு மணல்

என் ஆசை அப்பாவுக்கு,

பயமா இருக்குப்பா. உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?

"என் மக அணுகுண்டு ஆபீஸ்ல கிராணி"ன்னு ஈப்போ பூரா சொல்லி என் மானத்தை வாங்கினீங்களே, அங்கதான் இன்னும் இருக்கேன். குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாட்டுப் பாதுகாப்புக்காகக் கதிர்வீச்சை ஆராயுற கூடம், வாசல்ல துப்பாக்கியோட காவலுக்கு ஒரு ஜாகா. அங்க எழுதுற ஆராய்ச்சிக் கட்டுரைகளை வருஷக் கடைசியில பட்டியல் போடுறதுதான் என் கிராணி வேலை. தலைப்பைத் தட்டுவேன், உள்ள படிச்சதே இல்ல.

இந்த வருஷம் ஒரு தலைப்புல 'அமாங்'னு இருந்துச்சு. விரல் நின்னுபோச்சு. சுரங்கத்துல ஈயம் எடுத்த பிறகு மிஞ்சுற கறுப்பு மணல், ஆயுசுக்கும் நீங்க சலிச்ச மணல். "ஆத்து மணலைவிட சூடு தாங்கும், கடலை கருகாது"ன்னு தீபாவளிக்குத் தீபாவளி சாக்குல கட்டிட்டு வருவீங்க. தோட்டத்து லயத்துல வீட்டுக்கு வீடு வாங்கிட்டுப் போகும்.

கட்டுரையை முழுசாப் படிச்சேன். அந்த மணல்ல கதிர்வீச்சு விடுற தோரியம் இருக்காம், தூசியை மூச்சுல இழுக்கக் கூடாதாம். சிகரெட் பிடிப்பாரான்னு டாக்டர் மூணு தடவை கேட்டாரே, நீங்க வெத்தலைகூடப் போட்டதில்லையே! அப்புறம் உங்க நுரையீரல்ல அந்தப் புத்து எப்படிப்பா வந்துச்சு?

சட்டியும் மணலும் இப்ப தம்பி வீட்டுல. பசார்ல விக்க வாரா வாரம் வறுக்குறான். நான் வேலைக்கு வந்துட்டா என் சின்ன மக அங்கதான். சட்டிக்கு மேலேயே மூஞ்சை நீட்டிக்கிட்டு நிப்பா.

அவன்கிட்ட சொன்னேன். "சும்மா பயப்படாதீங்க லா அக்கா. அப்பா கொண்டாந்த மணல், அதுல வறுத்ததை நாம சாப்பிடலையா?"ன்னு சிரிச்சான். மடையன், நாம சாப்பிட்டதுதானே என் பயமே!

ஒரு கரண்டி மணலை ஜாம் போத்தல்ல போட்டு, அந்தக் கட்டுரை எழுதின ஆராய்ச்சியாளர் அம்மாகிட்ட கொண்டு போனேன். கதிர்வீச்சு அளக்குற கருவியைப் பக்கத்துல வச்சாங்க. சட்டியில கடலை வெடிக்கிற மாதிரியே சத்தம். மூடியை இறுக்கிட்டு, "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க. சின்னவளைப் பத்திச் சொன்னேன்.

நாளைக்கு ஆள் வந்து மணலை எடுத்துட்டுப் போறாங்க. சின்னவளை டாக்டர்கிட்ட காட்டப் போறேன். உங்களை ஒரு வார்த்தை யாரையும் சொல்ல விடமாட்டேன், இது சத்தியம். பிள்ளைங்களுக்கு நல்லதுன்னுதானே தோள்ல சுமந்து வந்தீங்க.

உங்க படத்துக்கு முன்னால வச்சிருந்த கடலையை எடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க சாப்பிட்டது போதும்பா.

உங்க கையால வறுத்ததைத் தின்னே வளர்ந்த
மூத்த மக