தானே இறங்கிய விலை

மார்ச் 3, செவ்வாய்

சோபாக் கடைக்காரர் தன் கடைக்கு வெப்சைட் செய்து தரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். எவ்வளவு கேட்பது? காலையிலிருந்து மண்டையைக் குடைகிறது. கணவரிடம் கேட்டேன். "உனக்கு எவ்வளவு வேணுமோ கேளு" என்று ஷூவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அது தெரிந்தால் இவரை ஏன் கேட்கப்போகிறேன்?

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகச் செய்ய ஆரம்பித்து ஏழு மாதம். பழைய மேனேஜரம்மா மறுபடி ஃபோன் செய்தார். என் இடம் இன்னும் காலியாம். மாதக் கடைசிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம். இந்த மாதமும் போன மாதம் மாதிரி வருமானம் இல்லையென்றால் போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஆபீஸ் அறையை நினைத்தாலே குமட்டுகிறது.

மார்ச் 4

மூன்று மாடிக் கடை. அவர் உட்கார்ந்திருந்த சோபாவில் தொங்கிய விலைச் சீட்டில் தொண்ணூறாயிரம் என்று இருந்தது. "சின்ன வெப்சைட்தாம்மா. எங்க அக்கா பையனே செஞ்சிருப்பான், அவனுக்குப் பரீட்சை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சிரித்தேன். சீ, எதற்கு அந்த இளிப்பு?

என்னென்ன பக்கங்கள் வேண்டும் என்று சேர்ந்து எழுத, இணையத்தில் ஒரு கோப்பைத் திறந்து அவருக்கும் லிங்க் அனுப்பினேன். ஒருவர் எழுதுவது அப்போதே மற்றவர் திரையிலும் தெரியும்.

மார்ச் 5

பக்கங்களின் கீழே 'கட்டணம்' என்று போட்டு எண்பதாயிரம் என்று தட்டினேன். அதிகமோ? அழித்து எழுபது. 'இவ்வளவா?' என்று அவர் கேட்பது இப்போதே காதில் விழுந்தது. அறுபது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த அக்கா பையன் ஞாபகம் வேறு. நாற்பத்தைந்து.

உடனே ஃபோன் அடித்தது.

"நான் இங்க பார்த்துட்டேதாம்மா இருந்தேன். நான் ஒரு வார்த்தை பேசல, நீங்களே எண்பதுல இருந்து நாற்பத்தஞ்சுக்கு வந்துட்டீங்க. இப்ப பேசறேன்ல, இன்னொரு அஞ்சு குறைச்சுக்கலாமா?"

அதே கோப்பு! கணக்கை வேறு எங்காவது போட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே, மூளையை எங்கே கழற்றி வைத்திருந்தேன்? அவர் மூன்றாவது மாடியில் கால் நீட்டி உட்கார்ந்து, நான் வழுக்கி வழுக்கி இறங்குவதை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

சரி என்றேன். நாற்பது. வெப்சைட்டில் போடும் படங்களுக்கான செலவும் அதற்குள்ளேயேதானாம். அதற்கும் சரி என்றேன்.

மார்ச் 6

அருவருப்பாக இருக்கிறது. அவர் மேல் இல்லை — அவர் மேலும்தான்.

மார்ச் 12, வியாழன்

அவர் தன் ஃபோனில் எடுத்து அனுப்பிய படங்களைப் போட முடியாது. ஒரு கட்டில் படத்தில் அவருடைய செருப்புக் கால் தெரிகிறது. போன வருடம் படிப்பை முடித்து, கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தியைத் தெரியும். கூப்பிட்டேன்.

"பன்னிரண்டாயிரம் ஆகும்க்கா" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. நாற்பதில் பன்னிரண்டு போனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று மனத்துக்குள் கழித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"பத்துன்னாலும் ஓகேதான்க்கா."

கழித்து முடித்திருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"எட்டு... நான் புதுசுதானே. நீங்க பார்த்துக் குடுங்க."

"சரி, எட்டு" என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த மனுஷனாவது வேடிக்கை பார்த்தேன் என்று சொல்லிக் காட்டினான். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. த்தூ.

மார்ச் 13

முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மார்ச் 21, சனி

படங்கள் வந்துவிட்டன. தரையில் குப்புறப் படுத்து எடுத்திருக்கிறாள். சாதாரண ஸ்டூல்கூட கம்பீரமாக நிற்கிறது. பன்னிரண்டாயிரம் அனுப்பினேன்.

"அக்கா நாலு கூட வந்திருக்கு, திருப்பி அனுப்பிடவா?"

நீ முதலில் கேட்டதுதான் என்று எழுதினேன். "அப்புறம் குறைச்சிட்டேனேக்கா" என்று பதில் வந்தது. இந்தப் பெண்ணை என்ன செய்வது? அவள் வயதில் இருந்து இன்றுவரை நானும் இதையே செய்துகொண்டிருக்கிறேன். வைத்துக்கொள், இனிமேல் யாரிடமும் குறைக்காதே என்று எழுதினேன். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 26, வியாழன்

வெப்சைட் முடிந்தது. சோபாக் கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். தன் வக்கீல் நண்பரிடம், "சல்லிசா செஞ்சு குடுப்பாங்க" என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பாராட்டாம்!

வக்கீல் சாயங்காலம் பேசினார். தொண்ணூறு என்றேன், படங்களுக்குத் தனி என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. எழுபத்தைந்து என்று சொல்லிவிடு, சொல்லிவிடு. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவருக்கு நாற்பதுக்குச் செஞ்சீங்களாமே?"

"ஆமா சார். அது நான் செஞ்ச தப்பு."

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துத்தான் சார் சொல்றேன்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

மார்ச் 30, திங்கள்

வக்கீல் கூப்பிடவில்லை. இனிக் கூப்பிட மாட்டார். வேறு எதுவும் கையில் இல்லை.

மேனேஜரம்மாவுக்கு ஃபோன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. குமட்டல் இல்லை.

கணவர் வந்ததும் சொன்னேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"கையில ஒரு வேலைகூட இல்லாமலா?"

"ஆமா."

"சரி. ரெண்டு மாசம் வீட்டுச் செலவை நான் பார்த்துக்கறேன். அதுக்கு மேல முடியாது."

"எனக்கு ஆறு மாசம் வேணும்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைக்கவில்லை.