பத்து எண்ணும் வரை

பெரம்பலூர்,
16.11.2025

அன்புள்ள வெற்றிச்செல்விக்கு,

மேகலா எழுதுகிறேன். இங்கே நானும் பிள்ளைகளும் நலம். மஸ்கட்டில் நீயும் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பாவுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. பயப்படாதே, இறங்கிவிட்டது. மற்றதைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

எனக்கு இப்போது காய்ச்சல் முகாம்களில் புது வேலை. ஒரே ஆளிடம் மூக்கிலும் குச்சி விட்டு எடுக்கிறோம், எச்சிலும் வாங்குகிறோம். கிருமியை எது சரியாகக் காட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எச்சில்தானே, சுலபம் என்று நினைத்தேன். நம் ஜனங்களை உனக்குத் தெரியாதா? அடுத்தவர் கையில் எச்சிலைக் கொடுப்பதா என்று கூசி, குழாயடிக்குப் போய் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்து, குப்பியை இரண்டு கையாலும் நீட்டுகிறார்கள். உள்ளே பாதி தண்ணீர். அதில் என்ன தெரியும்?

குச்சி உறையைப் பிரிக்கும்போதெல்லாம் கொரோனா முகாம்தான் ஞாபகம் வருகிறது. அந்த அங்கிக்குள் வேர்த்து ஊற்றியது, அரியலூரில் வேப்பமரத்தடியில் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்து தக்காளி சோறு தின்றது. நீ குச்சியைச் சுழற்றிக்கொண்டே சத்தமாகப் பத்து எண்ணுவாய். வரிசையில் நிற்கிற பிள்ளைகளும் கூடவே எண்ணும். எவ்வளவு கஷ்டம், ஆனாலும் அந்த நாட்கள் திரும்ப வந்தால் தேவலை என்றிருக்கிறது.

ஒரு நாள் மட்டும் வேண்டாம். உன் அப்பா இருமலோடு வந்த நாள். சொந்த அப்பாவுக்கு எடுக்கக் கை வரவில்லை என்று என்னிடம் விட்டாய். அவர் கண் கலங்கியதும் மனசு கேட்காமல், பத்து வரை போகாமல் மூன்று எண்ணியதுமே எடுத்துவிட்டேன். நெகட்டிவ் என்று வந்தது. அதை நம்பி உன் அம்மா ஆண்டாயி பக்கத்திலேயே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் கொரோனாவில் அம்மா போய்விட்டார். முகாமிலிருந்து நீதான் கிருமியைக் கொண்டுபோனதாக அழுதாய். வேலையை விட்டாய், ஊரையும் விட்டாய். நான் வாய் திறக்கவில்லை. என் கையால்தான் தவறியது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை வாலிகண்டபுரம் முகாமுக்கு அப்பா வந்தார். அவரும் கொப்பளித்துவிட்டுத்தான் குப்பியை நீட்டினார். அரை மணி நேரம் உட்காருங்கள், மறுபடி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அந்த அரை மணியில் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்மா, அன்னைக்கு மூணுலயே எடுத்துட்ட. எனக்கும் வலி போனாப் போதும்னு இருந்துச்சு, சும்மா இருந்துட்டேன்" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னை இத்தனை வருஷம் அழவிட்டிருக்கிறோம்.

பிறகு மூக்கில் எடுத்தேன். அவர் இரண்டு கையையும் விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பத்தாவது விரல் மடங்கும் வரை தலையை அசைக்கவில்லை.

என்மேல் கோபப்படு, அது நியாயம். உன்மேல் படாதே. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போ. அம்மா படத்துக்கு நீ இன்னும் ஒரு முழம் பூ வைக்கவில்லை.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்,
மேகலா