கறுப்புப் புள்ளியைப் பற்றி நான் எழுதாத பாதி

மரியாதைக்குரிய சூப்பர்வைசர் அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் ஏழாவது லைனில் காலர் தைக்கிறவளின் தங்கை எழுதுகிறேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டால், “விசில் அக்கான்னு போடு, கம்பெனி வாட்ச்மேனே கொண்டு வந்து கையில குடுப்பாரு” என்கிறாள். உறையின் மேல் அதை எழுதத் தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதிவிட்டேன். அவளைத் திட்டாதீர்கள்.

அக்கா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மெஷின் ஊசி ஏறிய விரலில் நகம் போய்விட்டது. நுனியில் கொஞ்சம் சதை குறைந்திருக்கிறது. ஆனால் விரல் இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து எந்த வேலை செய்தாலும் அந்த இரண்டு நாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எங்களுக்குக் கொடுத்தது நீங்கள்.

நடந்ததை அக்கா சொன்னாள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடியெடுத்து அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி என்பது உங்கள் இடத்துச் சட்டமாமே. விரலில் ஊசி ஏறி ஐந்தாம் நாள் இன்னொரு ஊசி உடைந்து, அதன் துண்டுகளை இடது கையால் ஒட்டிக்கொண்டிருந்தாளாம். வலது கை மடியில் துணிக்கு அடியில் இருந்ததாம். “அந்தக் கை என்ன, வாடகைக்கு விட்டிருக்கியா? எடுடி வெளிய” என்றீர்களாம். விரலைப் பார்த்ததும் லைனையே நிறுத்திவிட்டு, “தங்கச்சி பூச்சிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறாளாம், இவளுக்கு ஒரு கட்டு போட ஆளில்ல” என்று கத்திக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினீர்களாம். இதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் வந்து நான்கு நாள் அவளுடன் வார்டில் இருந்தேன். “நேத்து வந்து எங்களையெல்லாம் விரட்டு விரட்டுன்னு விரட்டுச்சே ஒரு அம்மா, உங்க சொந்தமா?” என்று நர்ஸ் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மறுபடி வந்த மாலையில் நான் மருந்து வாங்கப் போயிருந்ததாக அக்கா சொல்லியிருப்பாள். அது பொய் இல்லை. ஆனால் நான் சீக்கிரமே திரும்பிவிட்டேன். உங்கள் குரல் கேட்டதும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் இறங்கியபோது சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். பச்சைக் குடையோடு என்னைக் கடந்து போனீர்கள். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊசி ஏறி ஐந்து நாள் ஏன் வாயே திறக்கவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு, சோம்பேறித்தனம் என்றாளாம் அக்கா. அது உண்மையில்லை. காரணம் நான்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இப்போது ஓர் ஆய்வகத்தில் வேலை. பூச்சிகள் நோயிலிருந்து எப்படித் தப்பிக்கின்றன என்று பார்க்கிறோம். தேன்கூட்டில் மெழுகைத் தின்னும் ஒரு புழு உண்டு, வெள்ளையாக, சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பாக்டீரியாவில் தோய்த்த மெல்லிய ஊசியால் அதைக் குத்துவேன். குத்திய இடத்தில் இரத்தம் உறையும். இரத்தத்தில் இருக்கும் செல்கள் ஓடிவந்து கிருமிகளைச் சூழ்ந்துகொள்ளும். அங்கே ஒரு கறுப்புப் புள்ளி தோன்றும். கிருமியைச் சிறைவைத்துப் பூட்டிய பூட்டு அது. பிறகு உடம்புக்குள் இருக்கும் கொழுப்பு, கிருமியைக் கொல்லும் சின்னச் சின்னப் புரதங்களைச் செய்து இரத்தத்தில் விடும். பூஞ்சை வேறு மாதிரி. அதற்குக் காயமே வேண்டாம், தோலில் ஒட்டிக்கொண்டு துளைத்து உள்ளே போகும். வந்திருப்பது பாக்டீரியாவா பூஞ்சையா என்று அந்தப் புழுவின் உடம்பு பிரித்துத் தெரிந்துகொள்கிறது. முதன்முறை இதைப் பார்த்த அன்று யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அக்காவுக்கு நான்கு பக்கம் எழுதினேன்.

அதை அவள் டீ நேரத்தில் உங்கள் லைன் முழுக்கப் படித்துக் காட்டினாளாம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ‘கறுப்புப் புள்ளி வந்துவிட்டால் கவலையில்லை, புழு பிழைத்துக்கொள்ளும்’ என்று எழுதியிருந்தேன்.

பாதியைத்தான் எழுதியிருந்தேன். கிருமி ஜெயித்துவிட்டால் அந்தக் கறுப்பு ஒரு புள்ளியோடு நிற்காது. புழு முழுக்கக் கறுத்துவிடும், பிறகு அது பிழைக்காது. தினமும் காலையில் அப்படிக் கறுத்தவற்றை எண்ணி நோட்டில் குறிப்பதும் என் வேலைதான். அழகாக இருந்ததை மட்டும் எழுதினேன். இன்னொன்றையும் எழுதவில்லை. மனித உடம்பில் அப்படி ஒரு பூட்டே கிடையாது. நம் விரல் கறுத்தால் அங்கே சதை செத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். இது எல்லோருக்கும் தெரிந்திருக்காது என்று நான் நினைக்கக்கூட இல்லை.

நீங்கள் அவளை ஆட்டோவில் ஏற்றிய அன்று காலை பத்து மணிக்கு அக்கா எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். “உன் புழு மாதிரி எனக்கும் கறுப்புப் புள்ளி வந்துடுச்சுடி. லேசா காய்ச்சல் இருக்கு, ஆனா இனிமே கவலையில்ல, பொழச்சுக்குவேன்.” கூடவே சிரிக்கிற முகம் ஒன்று. ஆய்வகத்துக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, வெளியே பெட்டியில் வைத்துவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு எடுத்துப் படித்தேன். அதற்குள் நீங்கள் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. நான் அறுபது புழுக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நீங்கள் என் அக்காவின் ஒரு கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்கள்.

அதனால் அவளை “அறிவு கெட்டவ” என்று திட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றபடி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அவளுக்கு அது பிடித்திருக்கிறது. நான் எழுதினேன் என்பதற்காக அதை நம்பினாள், புள்ளி வரட்டும் என்று ஐந்து நாள் காத்திருந்தாள், அவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அதையும் மீறிச் சொல்லிவிட்டேன். உங்களிடம் மறைத்துவிட்டு நன்றி சொன்னால் அது நன்றியாக இருக்காது.

அம்மா உங்களைப் பார்க்க வர வேண்டும் என்கிறார். மூட்டு வலி, பஸ் ஏற முடியவில்லை. உங்களுக்கென்று ஒரு தலையணை உறை தைத்துவைத்திருக்கிறார், தையல் உங்களிடம் தேறாது என்று பயந்துகொண்டே.

இனி நான் கேட்க வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன் என்று அக்கா கிளம்பிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் மூன்று வாரம் மெஷின் பக்கமே போகக் கூடாது என்றிருக்கிறார். கட்டைப் பிரித்த பிறகுதான் விரல் பழையபடி மடங்குமா என்று தெரியுமாம். அவள் வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து வரும்போதும், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை அந்தக் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். நல்லாத்தான் இருக்கு என்பாள். நம்பாதீர்கள்.

நீயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நான் சொன்னால், அந்தப் புள்ளியை நம்பியதுபோலவே, அக்கா காரணம்கூடக் கேட்காமல் சரி என்பாள். நீங்கள் சொன்னால் ஏன் எதற்கு என்று சண்டைக்கு வருவாள். வரட்டும். தயவுசெய்து அவளைச் சண்டை போட விடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் காலர்க்காரியின் தங்கை